விலை ஏறினால் மாலை யாருக்கு?

காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்கெல்லாம் தெரியும். பழம் கனிந்து காம்பு விடும் நேரத்தில் காகம் வந்து உட்கார்ந்தது. பழம் விழுந்ததும் பார்த்தவர்கள் காகத்தின் பலத்தைப் புகழ்ந்தார்கள். நாட்டின் பொருளாதாரத்தைப் பற்றிப் பேசும்போது நாமும் பல சமயம் காகத்தைத்தான் புகழ்கிறோம். "அந்தத் தலைவர் காலத்தில் கையில் காசு புழங்கியது" என்கிறோம். புழங்கியது உண்மைதான். அது அவரால் வந்ததா, அவர் காலத்தில் வந்ததா என்று நாம் கேட்பதில்லை.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமல்ல. 1949இல் ஒரு ராத்தல் ரப்பரின் சராசரி விலை சுமார் 38 காசு. 1950 ஜூன் மாதம் கொரியாவில் போர் மூண்டது. பெரிய நாடுகள் போட்டி போட்டுக்கொண்டு ரப்பரை வாங்கிக் குவித்தன. 1951இல் சராசரி விலை ஏறக்குறைய 1 வெள்ளி 70 காசு ஆயிற்று. 1953இல் மறுபடியும் 67 காசு அளவுக்கு இறங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகளிலும் மரம் அதே மரம், கத்தி அதே கத்தி, விடியற்காலைப் பெரட்டும் அதே பெரட்டுத்தான். பால் வெட்டியவர்கள் 1951இல் திடீரென்று கெட்டிக்காரர்கள் ஆகவுமில்லை, 1953இல் சோம்பேறிகள் ஆகவுமில்லை.

அந்த நல்ல விலையால் ஏற்றுமதி வரி பெருகி அரசாங்கக் கஜானா நிரம்பியது. அவசரகாலத்தில் காட்டோரங்களில் இருந்த இலட்சக்கணக்கான மக்களைப் புதுக்கிராமங்களில் குடியேற்ற அந்தப் பணம் கைகொடுத்தது. 1950இல் திட்டம் வகுத்தவர் பிரிக்ஸ் என்ற அதிகாரி. 1952 பிப்ரவரியில் டெம்ப்ளர் வந்து பதவி ஏற்றபோது குடியேற்றத்தில் பெரும்பகுதி முடிந்திருந்தது. ஆனாலும் பலரும் நினைவில் வைத்திருப்பது டெம்ப்ளரின் பெயரைத்தான். அவர் திறமையற்றவர் என்று நான் சொல்லவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் ரப்பர் விலையையும் எழுதவேண்டும் என்கிறேன்.

இனி, நம்மில் பலருக்கு நினைவிருக்கும் காலத்துக்கு வருவோம். டாக்டர் மகாதீர் 1981 ஜூலையில் பிரதமரானார். 1985 அக்டோபரில் உலக ஈயச் சந்தை நொறுங்கியது. அந்த ஆண்டு நாட்டின் பொருளாதாரம் வளரவில்லை, சுமார் 1 விழுக்காடு சுருங்கியது. 1986இல் எண்ணெய் விலையும் செம்பனை எண்ணெய் விலையும் சரிந்தன. வேலையில்லாமல் இளைஞர்கள் அலைந்தார்கள். பிரதமர் அப்போதும் அதே சுறுசுறுப்பும் கண்டிப்பும் உள்ளவர்தான். ஆனாலும் நாடு தேய்ந்தது.

நிலைமை மாறியது எப்படி? 1985 செப்டம்பர் 22ஆம் நாள் நியூயார்க்கில் பிளாசா என்ற ஹோட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்சு, பிரிட்டன் ஆகிய ஐந்து நாடுகளின் நிதியமைச்சர்கள் கூடினார்கள். அமெரிக்க டாலரின் மதிப்பை இறக்குவதென்று முடிவு செய்தார்கள். அந்தக் கூட்டத்தில் மலேசியாவுக்கு நாற்காலி இல்லை. அப்போது ஒரு டாலருக்குச் சுமார் 240 யென் கிடைத்தது. 1988 தொடக்கத்தில் 130 யென்கூடக் கிடைக்கவில்லை. அதாவது, ஜப்பானில் செய்த சாமான் வெளிநாட்டில் விலை கூடிப்போயிற்று. ஜப்பானிய முதலாளிகள் கூலி குறைந்த நாடுகளைத் தேடிப் புறப்பட்டார்கள். அவர்களில் பலர் நம் நாட்டுக்கு வந்தார்கள்.

பிறை, பாயான் லெப்பாஸ், ஷா ஆலாம் பக்கமெல்லாம் தொழிற்சாலைகள் பெருகின. லயத்து வாசலுக்கே தொழிற்சாலைப் பஸ் வந்தது. நம் பெண் பிள்ளைகள் சீருடை போட்டுக்கொண்டு ஷிப்ட் வேலைக்குப் போனார்கள். 1988 முதல் 1996 வரை நாட்டின் பொருளாதாரம் ஆண்டுதோறும் 8 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்தது. பாராட்டு முழுவதும் பிரதமருக்குப் போய்ச் சேர்ந்தது.

அவருக்குப் பங்கே இல்லையா? உண்டு. கூட்டித் துடைத்து வைத்த வீட்டில்தான் விருந்தாளி தங்குவான். 1986இல் முதலீட்டாளர்களை வரவேற்கும் சட்டம் ஒன்று வந்தது. அந்நிய முதலாளிகளுக்கு இருந்த கட்டுப்பாடுகள் தளர்ந்தன. ஆனால் பாயான் லெப்பாசில் தடையற்ற வாணிப வட்டாரம் அவருக்கு முன்பே, 1972இலேயே, தொடங்கிவிட்டது. துறைமுகமும் சாலையும் பள்ளிக்கூடமும் பலர் கைபட்டு வளர்ந்தவை.

பக்கத்து வீட்டையும் பாருங்கள். தாய்லாந்திலும் அதே சமயம் ஜப்பானிய முதலீடு கொட்டியது. அங்கே 1988 ஆகஸ்டில் பிரேம் பதவி விலகி, சாட்சாய் பிரதமரானார். ஆள் மாறியும் 1988, 1989, 1990 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் வளர்ச்சி 10 விழுக்காட்டைத் தாண்டியே நின்றது. இரண்டு வீட்டுத் தோட்டமும் ஒரே சமயத்தில் பூத்தால், தோட்டக்காரனைக் கேட்பதற்கு முன் மழையைக் கேட்க வேண்டாமா?

1997 ஜூலையில் தாய்லாந்து நாணயம் சரிந்தது. நம் வெள்ளியும் சரிந்தது. 1998இல் நம் பொருளாதாரம் 7 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியது. அப்போது பிரதமர் நாணய வியாபாரிகளைக் குற்றம் சாட்டினார். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நன்மை வந்தபோது தலைவரின் தூரநோக்கு; தீமை வந்தபோது வெளியார் சதி. இது இவர் ஒருவரின் வழக்கமல்ல. எல்லா நாட்டுத் தலைவர்களும் இப்படித்தான் கணக்கு எழுதுகிறார்கள்.

நம் கணக்கை மட்டும் வேறு விதமாக எழுதுகிறார்கள். ரப்பர் விலை ஏறினால் நிர்வாகத்தின் திறமை, விலை இறங்கினால் தொழிலாளியின் சம்பளம் குறையும். வறுமைக்குக் காரணம் கேட்டால், "குடிக்கிறார்கள், சேமிப்பதில்லை" என்பார்கள். அதிர்ஷ்டத்தின் பெருமை மேலே போகிறது, துரதிர்ஷ்டத்தின் பழி கீழே வருகிறது. இந்தப் பழியை நம் பிள்ளைகளும் நம்பிவிடக் கூடாது என்பதே என் கவலை.

அப்படியானால் தலைவர்களை எப்படி எடை போடுவது? மூன்று கேள்விகள் போதும். ஒன்று, அதே காலத்தில் பக்கத்து நாடுகள் எப்படி இருந்தன? இரண்டு, காற்று எதிராக வீசியபோது அவர் என்ன செய்தார்? 1998 செப்டம்பரில் டாலருக்கு 3.80 வெள்ளி என்று மதிப்பைக் கட்டி, பணம் வெளியே ஓடாமல் தடுத்தது டாக்டர் மகாதீர் துணிந்து எடுத்த முடிவு. சரியென்பாரும் உண்டு, தேவையில்லை என்பாரும் உண்டு. எப்படியானாலும் அது அவர் செய்தது. அதை வைத்து அவரை எடை போடலாம்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். நல்ல காலத்துப் பணத்தை யாருக்காக, எதில் சேர்த்து வைத்தார்? நார்வே நாட்டுக் கடலுக்கடியில் எண்ணெய் கிடந்தது எந்த அரசியல்வாதியின் சாமர்த்தியமும் அல்ல. ஆனால் 1990இல் ஒரு சட்டம் போட்டு, எண்ணெய் வருமானத்தை வருங்காலப் பிள்ளைகளுக்காக ஒரு நிதியில் சேர்க்க ஏற்பாடு செய்தார்களே, அது சாமர்த்தியம். நம் நாட்டின் நல்ல காலத்தில் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் விற்கப்பட்டன. லயத்தைவிட்டு வெளியேறிய குடும்பங்களில் பலவற்றுக்குச் சொந்தக் கூரை இல்லை. நாடு 8 விழுக்காடு வளர்ந்த ஆண்டுகளில் அந்தக் கூரைக்கு வழி செய்திருக்க முடியாதா?

வாசக அன்பர்களே, அடுத்த முறை ஓட்டுக் கேட்டு யாராவது வந்து, "எங்கள் காலத்தில் விலை ஏறியது" என்று சொன்னால் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். மரியாதையாகவே கேளுங்கள்: "விலை ஏறியது சரி ஐயா, ஏறிய விலையில் எங்களுக்கு என்ன கட்டிக் கொடுத்தீர்கள்?" பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அவர்களும் கேட்கப் பழகட்டும்.