மாட்டுக்குப் போட்ட ஊசி

சிகாகோ பல்கலைக்கழகத்தின் இயால் ஃபிராங்க், வாரிக் பல்கலைக்கழகத்தின் அனந்த் சுதர்சன் ஆகிய இரு பொருளியல் ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று 2024-இல் ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ இதழில் வெளியானது. இந்தியாவில் பிணந்தின்னிக் கழுகுகள், அதாவது பாறுகள், அழிந்துபோனதால் 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ 5 லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அதன் முடிவு. பத்திரிகைகளில் சில நாள் இந்தச் செய்தி ஓடியது. பிறகு, வழக்கம்போல, ‘காட்டுயிர்’ என்ற தலைப்பின்கீழ் ஒதுங்கிவிட்டது. அது ஒதுங்க வேண்டிய இடம் அதுவல்ல. ஒரு கால்நடை மருந்தை எந்தச் சோதனைக்குப் பிறகு கடைக்கு அனுப்புகிறோம் என்ற கேள்வியை இந்த ஆய்வு நம்முன் வைக்கிறது. மாட்டுக்கு விற்கப்படும் எந்த வலிநீக்கி மருந்தும் பாறுகளுக்குக் கேடு செய்யாது என்று முதலில் நிரூபிக்கப்பட வேண்டும், அதன் பிறகே அது சந்தைக்கு வர வேண்டும் என்பது என் வாதம். பறவைகள் செத்து விழுந்த பிறகு ஒவ்வொரு மருந்தாகத் தடை செய்துகொண்டிருக்கும் இன்றைய முறை, தோற்றுப்போன முறை.

நடந்ததைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் தேசியப் பூங்காவில் 1980-களின் பிற்பகுதியில் வெண்முதுகுப் பாறுகள் 350 ஜோடிக்கு மேல் கூடு கட்டின. 1996-இல் அது பாதிக்கும் கீழே இறங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஒரு கூடுகூட இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் இதைப் பதிவு செய்தபோது, பூச்சிக்கொல்லியா, புதிய வைரஸா என்று பல ஐயங்கள் எழுந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு 99.9 சதவீதம் அழிந்தது. கருங்கழுத்துப் பாறும் அதன் நெருங்கிய உறவான மெல்லிய அலகுப் பாறும் சுமார் 97 சதவீதம் குறைந்தன. கோடிக்கணக்கில் இருந்த ஒரு பறவைக் கூட்டம் பதினைந்தே ஆண்டுகளில் ஆயிரக்கணக்குக்குச் சுருங்கிய வேகத்துக்கு உலகில் இணை தேடுவது கடினம்.

விடை பாகிஸ்தானிலிருந்து வந்தது. லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான குழு அங்கே செத்துக்கிடந்த பாறுகளை அறுத்துப் பார்த்தபோது, உள்ளுறுப்புகளின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம் அது. கிருமியும் இல்லை, பூச்சிக்கொல்லியும் இல்லை. மாடுகளுக்குக் கொடுக்கப்படும் மருந்துகளில் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது எது என்று கால்நடை மருத்துவர்களிடமும் மருந்து விற்போரிடமும் விசாரித்தபோது கிடைத்த பெயர் டைக்ளோஃபினாக். மூட்டுவலிக்கு நாமும் விழுங்குகிற அதே மருந்து. சிறுநீரகம் கெட்டுச் செத்த 25 பாறுகளின் உடலிலும் அது இருந்தது. வேறு காரணங்களால் செத்த 13 பாறுகளில் ஒன்றிலும் இல்லை. 2004-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த இந்த முடிவைப் போல ஐயத்துக்கு இடம் வைக்காத சான்று சூழலியலில் அரிதாகவே கிடைக்கும்.

அளவைக் கேட்டால்தான் இதன் கொடுமை புரியும். செத்த மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவானவற்றில் இந்த மருந்து இருந்தாலே போதும், பாறுகளின் வீழ்ச்சி முழுவதையும் அது விளக்கிவிடும் என்று கணித ஆய்வு காட்டியது. ஒரே பிணத்தைப் பல பத்துப் பறவைகள் சேர்ந்து தின்கின்றன; அதைத் தேடி வெகு தூரம் பறந்து வருகின்றன. வளர்ந்த பறவை ஆண்டுக்கு ஒரு முட்டைதான் இடும். ஆகவே இழப்பை ஈடுகட்ட அதற்கு வழியே இல்லை. உண்மையில் இந்தியாவில் சோதிக்கப்பட்ட மாட்டுப் பிணங்களில் பத்தில் ஒன்றில், அதாவது தேவைப்பட்டதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், மருந்து இருந்தது. தங்கள் மாட்டின் வலியைத் தீர்க்க நினைத்த எளிய மனிதர்கள் போட்ட ஊசி அது. எவருக்கும் தீய நோக்கம் கிடையாது. காப்புரிமை முடிந்து 1990-களின் நடுவில் விலை சரிந்தது, மருந்து ஊரெங்கும் பரவியது, பறவைகள் விழுந்தன. குற்றம் அந்த ஊசியைப் போட்ட கையில் இல்லை. செத்த மாடு எங்கே போகிறது, அதை யார் தின்கிறார்கள் என்ற கேள்வியை அனுமதி வழங்கிய ஏற்பாடு கேட்கவே இல்லை என்பதில்தான் இருக்கிறது.

இனி மனிதர்களின் கணக்கு. ஃபிராங்கும் சுதர்சனும் இந்திய மாவட்டங்களைப் பாறுகள் வாழ ஏற்றவை, ஏற்காதவை என்று பிரித்தார்கள். மருந்து மலிவாவதற்கு முன்பும் பின்பும் இரு பிரிவுகளிலும் இறப்பு விகிதம் எப்படி நகர்ந்தது என்று ஒப்பிட்டார்கள். முன்பு ஒன்றாகவே போய்க்கொண்டிருந்த விகிதங்கள் பிறகு பிரிந்தன. பாறுகள் நிறைந்திருந்த மாவட்டங்களில் இறப்பு 4 சதவீதத்துக்கு மேல் கூடியது. கால்நடைகள் நிறைய இருந்த நகரப் பகுதிகளில் பாதிப்பு இன்னும் அதிகம். செத்த மாடுகளைக் கொண்டுபோய்க் கொட்டும் இடம் நகரத்தின் விளிம்பில்தானே இருக்கும். பாறுகளை இழந்த மாவட்டங்களில் தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடித் தடுப்பூசி விற்பனை ஏறியது, ஆறு குளங்களில் மலக்கிருமி கூடியது. ஒரு மாட்டுப் பிணத்தை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிட்டுப் போகும் பறவைக் கூட்டம் இல்லாதபோது, அது நாட்கணக்கில் கிடந்து அழுகுகிறது. பாறின் வயிற்று அமிலம் பெரும்பாலான நோய்க்கிருமிகளைக் கொன்றுவிடும். நாயும் எலியும் அப்படியல்ல. கிருமியைச் சுமந்துகொண்டு வீட்டு வாசலுக்கே வருகின்றன.

இந்த எண்ணிக்கையை ஐயத்தோடு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. 1990-கள் இந்தியாவில் எல்லாமே மாறிய காலம். பொருளாதாரம், இடப்பெயர்வு, மருத்துவ வசதி என எதுவும் அப்படியே இருக்கவில்லை. அப்படியிருக்க இறப்பு கூடியதற்குப் பறவைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? மேலும், வெறிநாய்க்கடியை மட்டும் வைத்துப் பார்த்தால் 5 லட்சம் என்ற எண் வராது. அனில் மார்க்கண்டேயா குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு, பாறுகள் குறைந்து நாய்கள் பெருகியதால் 1992 முதல் 2006 வரை வெறிநாய்க்கடியில் கூடுதலாக இறந்தவர்கள் ஏறத்தாழ 48,000 பேர் என்றுதான் கணித்தது. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை மறைக்கக் கூடாது. மிச்ச இறப்புகளில் அசுத்த நீரின் பங்கு எவ்வளவு, வேறு தொற்றுகளின் பங்கு எவ்வளவு என்பது பிரித்துக் காட்டப்படவில்லை. ஆனால் முதல் ஐயத்துக்கு ஆய்வின் வடிவத்திலேயே பதில் இருக்கிறது. தாராளமயம் எல்லா மாவட்டத்துக்கும் வந்தது; பாறுகள் வாழ்ந்த மாவட்டங்களை மட்டும் தேடிப் பிடித்து, அந்த மருந்து மலிவான காலத்துக்குப் பிறகு இறப்பைக் கூட்டும் வேறொரு காரணத்தை யாராவது காட்ட வேண்டும். இரண்டாவது ஐயத்தை முழுவதுமாக ஏற்றுக்கொண்டு 48,000 என்ற சிறிய எண்ணையே எடுத்துக்கொண்டாலும், ஒரு வலிநீக்கி ஊசிக்கு நாம் கொடுத்த விலையாக அது தாங்கக்கூடியதா? நாய் கடித்துச் சாகிறவர்களில் பெரும் பங்கு ஏழைகள், அவர்களிலும் குழந்தைகள் அதிகம் என்பதையும் மனத்தில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பிறகு நாடு என்ன செய்தது? 2006-இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. சான்று வந்து இரண்டே ஆண்டுகளில் எடுத்த அந்த முடிவைப் பாராட்ட வேண்டும். ஆனால் மனிதருக்கான 30 மில்லி குப்பிகள் மாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. 2015-இல்தான் 3 மில்லி குப்பி மட்டும் என்ற விதி வந்தது. மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தபோது, 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விதியை நிலைநிறுத்தியது. இதற்கிடையே வேறு மருந்துகள் அந்த இடத்தை நிரப்பின. கீட்டோபுரோஃபென் பாறுகளைக் கொல்லும் என்று ஆப்பிரிக்காவில் நடந்த சோதனை 2010 வாக்கிலேயே சொல்லிவிட்டது. அசிக்ளோஃபினாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடுகிறது. தடை செய்த மருந்தையே வேறு பெயரில் விற்றதற்கு ஒப்பானது இது. இவை இரண்டும் தடை செய்யப்பட்டது 2023-இல். குஜராத்தில் செத்த பாறுகளின் உடலில் நிமெசுலைடு இருந்ததைக் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மைய ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். அதற்கான தடை 2024 டிசம்பர் கடைசியில் வந்தது. ஒவ்வொரு முறையும் முதலில் பறவை சாக வேண்டும், அதன் உடல் அழுகுமுன் யாராவது கண்டெடுக்க வேண்டும், ஆய்வகம் பார்க்க வேண்டும், கட்டுரை வர வேண்டும், பிறகு கோப்பு நகர வேண்டும். கோடிக்கணக்கில் பறவைகள் இருந்த காலத்திலேயே இந்த முறை பலிக்கவில்லை. மிஞ்சியிருப்பவை சில ஆயிரம் எனும்போது சாவையே சான்றாகக் கேட்பது அநியாயம்.

மாடு வளர்ப்போரின் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரும். மடிவீக்கத்தால் துடிக்கும் கறவை மாட்டையும், கால் ஊன்ற முடியாத உழவு மாட்டையும் பார்த்துக்கொண்டு, பறவைக்காக மருந்து தராமல் இருக்கச் சொல்வதா? அப்படி யாரும் கேட்கவில்லை. மெலோக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கு செய்யாது என்று 2006-லேயே நிறுவப்பட்டது. டோல்ஃபெனமிக் அமிலமும் பிறகு அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மெலோக்சிகாம் சில இடங்களில் ஊசி போட்ட இடத்தில் எரிச்சல் தருகிறது, டைக்ளோஃபினாக் அளவுக்கு உடனே கேட்பதில்லை என்ற குறை மருத்துவர்களிடையே உண்டு. அதை அலட்சியம் செய்யாமல் தயாரிப்பின் தரத்தை மேம்படுத்தி, விலையைக் குறைத்துத் தீர்க்க வேண்டும். மருந்து நிறுவனங்களின் மறுப்பு வேறு. அழியும் பறவையின்மேல் சோதனை செய்யச் சொல்வது முரண் அல்லவா, செலவு யார் தருவது என்கிறார்கள். சோதனைக்கு அழிவின் விளிம்பில் இருக்கும் இனத்தைத் தொட வேண்டியதில்லை. அதே பேரினத்தைச் சேர்ந்த, ஒப்பீட்டளவில் அதிகமாக இருக்கும் இமயமலைப் பாறுகளில் குறைந்த எண்ணிக்கையில் சோதிக்கும் முறை ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது. அசிக்ளோஃபினாக்குக்குப் பறவையே தேவைப்படவில்லை. மாட்டின் ரத்தத்தைச் சோதித்தாலே போதுமானதாக இருந்தது. செலவைப் பொறுத்தவரை, லாபம் எடுப்பவர் ஏற்பதே முறை. இதுவரை அதை நாய்க்கடிக்கு ஊசி போட அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றவர்கள் ஏற்றிருக்கிறார்கள்.

பாறுகள்தான் போய்விட்டனவே, நாய்களுக்குக் கருத்தடை செய்யலாம், மாட்டுப் பிணங்களை எரியுலையில் எரிக்கலாம், இனி எதற்கு இவ்வளவு கட்டுப்பாடு என்பதும் ஒரு கேள்வி. நாய்க் கருத்தடையும் எரியுலையும் வேண்டியவைதான். ஆனால் முப்பது கோடி மாடு எருமைகள் உள்ள நாட்டில் எல்லா ஊருக்கும் எரியுலை அமைத்து, அதற்கு எரிபொருளும் ஆளும் தந்து நடத்த எந்த அரசிடமும் பணம் இருப்பதாகத் தெரியவில்லை. பிணங்களை முறையாக அகற்றினால் போதும், மருந்தைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்ற எண்ணத்தை ஐரோப்பாவின் அனுபவமும் எச்சரிக்கிறது. 2013-இல் ஸ்பெயின் கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக்கை அனுமதித்தது, அங்கே கண்காணிப்பு நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில். 2020-இல் கட்டலோனியாவில் ஒரு கரும்பாறு அந்த மருந்தாலேயே செத்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் நேரடிப் பொறுப்பு இருக்கிறது. விந்தியத்துக்குத் தெற்கே மிஞ்சிய பாறுக் கூட்டங்களில் முக்கியமானது நீலகிரியின் அடிவாரத்தில், மோயாறு பள்ளத்தாக்கில், ஆற்றோரத்து நீர்மருது மரங்களில் கூடு கட்டி வாழ்கிறது. தமிழகப் பகுதியில் கணக்கெடுப்பில் காணக்கிடைப்பவை 150 அளவில்தான். இவை மாநில எல்லை பார்ப்பதில்லை. முதுமலையில் கூடு, பந்திப்பூரில் இரை, வயநாட்டில் இன்னொரு இரை. எனவே நீலகிரி, ஈரோடு, கோவை என்று சில மாவட்டங்களில் மட்டும் மருந்தைக் கட்டுப்படுத்துவது தொடக்கமே தவிரத் தீர்வாகாது. மாநிலக் கால்நடைத் துறை, தான் வாங்கும் வலிநீக்கிகளை, சோதித்து உறுதி செய்யப்பட்ட மெலோக்சிகாம், டோல்ஃபெனமிக் அமிலம் ஆகிய இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். மருந்து ஆய்வாளர்கள் கால்நடை மருந்துக் கடைகளிலும் கூட்டுறவுப் பால் சங்கங்களின் மருந்து அலமாரிகளிலும் சென்று பார்க்கலாம். இவற்றுக்கு எந்தப் புதிய சட்டமும் வேண்டாம். புதிய விதி தேவைப்படுவது டெல்லியில். ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2020–2025 பாறு பாதுகாப்புச் செயல்திட்டம் இரண்டு பரிந்துரைகளை எழுதிவைத்தது. புதிய மருந்து பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்று சோதித்த பிறகே சந்தைக்கு வர வேண்டும். நச்சு என்று தெரிந்த மருந்து தானாகவே கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலகும் ஏற்பாடு வேண்டும். அந்தத் திட்டத்தின் ஐந்தாண்டுகள் முடிந்துவிட்டன. மருந்து அனுமதி சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கையில் இல்லை, நலவாழ்வு அமைச்சகத்தின் கையில் இருக்கிறது. 5 லட்சம் மனித உயிர்களின் கணக்கு வெளியான பிறகு, இந்த இரண்டு பரிந்துரைகளையும் மருந்துச் சட்டத்தின் விதிகளாக்கும் வேலையை அந்த அமைச்சகம்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்டு வாங்குவது மோயாற்றைத் தன் எல்லைக்குள் வைத்திருக்கும் தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வேலை.