அப்பாவின் ரப்பர் சப்பாத்து



சென்ற பள்ளி விடுமுறைக்கு முந்திய வாரம். வகுப்பறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் ஒரு தாய் வாசலில் வந்து நின்றார். அவருடைய மகன் ஆறாம் ஆண்டு வரை என்னிடம் படித்தவன்; இப்போது பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் இரண்டாம் படிவம்.

“சார், நீங்கதான் அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும். ஸ்கூல்ல லேடாங் மலைக்குக் கூட்டிட்டுப் போறாங்களாம். முந்நூறு வெள்ளிக்குச் சப்பாத்து வாங்கிக் குடுத்தாத்தான் போவேங்கிறான். அவங்க அப்பா முதலாளிகிட்ட முன்பணம் கேக்கப் போறாரு. போன மாசம் வாங்கினதே இன்னும் கழியல.”

வீட்டில் சப்பாத்து இல்லாமல் இல்லை. அப்பா இன்னும் பால் வெட்டுகிறவர். அவர் போடுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்தில் புதிதாக ஒரு ஜோடி, அவன் காலுக்குப் பொருந்துகிற அளவிலேயே, வீட்டில் இருந்தது. மறுநாள் பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“அது மரம் வெட்டப் போட்டுக்கிறது சார். அதப் போட்டுக்கிட்டுப் போனா எல்லாரும் சிரிப்பாங்க” என்றான், தரையைப் பார்த்தபடி.

எனக்குக் கோபம் வரவில்லை. என் தகப்பனாரும் பால் வெட்டியவர்தான். அவருடைய சப்பாத்தை வாசலில் கண்டால், பட்டணத்து நண்பர்கள் வருமுன் எடுத்து ஒளித்து வைத்தவன் நான். ஆகவே புத்திமதி சொல்லாமல் அவனுக்கு ஒரு கதை சொன்னேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

இத்தாலி நாட்டில் மிலான் நகரம். அங்கே வித்தாலே பிராமானி என்று ஒருவர் இருந்தார். மலையேறுவதில் தேர்ந்தவர், மலையேறிகளுக்கு வேண்டிய சாமான்கள் விற்கும் கடையும் வைத்திருந்தார். அக்காலத்தில் மலைக்குப் போகிறவர்கள் கனத்த தோல் பூட்ஸ் அணிவார்கள். அதன் அடியில் வரிசையாக இரும்பு ஆணிகள் அடித்திருக்கும். புல்லிலும் பனியிலும் அந்த ஆணி நன்றாகப் பிடிக்கும். ஆனால் செங்குத்தான பாறையில் சறுக்கும். அதோடு இரும்பு அல்லவா? வெளியில் இருக்கும் குளிரைப் பாதத்துக்குக் கடத்திவிடும். அதனால் பாறை வந்ததும் பூட்ஸைக் கழற்றிவிட்டு, மெல்லிய சப்பாத்துக்கு மாறி ஏறுவார்கள். அந்த மெல்லிய சப்பாத்தோ பனியில் உதவாது.

1935-ஆம் ஆண்டு ஆல்ப்ஸ் மலைத்தொடரில் புந்தா ராசிகா என்ற சிகரத்துக்குப் போன கூட்டத்தில் பிராமானியும் இருந்தார். திடீரென்று வானிலை மாறியது. பாறையெல்லாம் பனி படிந்தது. அவருடைய தோழர்கள் ஆறு பேர் அந்த மலையிலேயே இறந்து போனார்கள். காலில் இருந்த சப்பாத்து அந்த நிலைமைக்குப் பொருந்தாததும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று பேசப்பட்டது.

நண்பர்களை இழந்தவர் என்ன செய்வார்? அழுவார்; விதி என்பார். பிராமானியும் அழுதிருப்பார். ஆனால் அதோடு நிற்கவில்லை. பாறையிலும், பனியிலும், சேற்றிலும் ஒன்றுபோல் பிடிக்கும் ஓர் அடிப்பாகத்தை ஏன் செய்யக்கூடாது என்று கேட்டார். விடை எதில் கிடைத்தது தெரியுமா? ரப்பரில்! டயர் செய்து பெயர் பெற்ற பிரெல்லி கம்பெனி பண உதவி செய்தது. 1937-இல், ஆழமான பற்கள் கொண்ட ரப்பர் அடிப்பாகம் பிறந்தது. அதற்கு இத்தாலிய மொழியில் ‘கவச வண்டி’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். பிராமானியின் பெயரையும் குடும்பப் பெயரையும் சுருக்கி ‘விப்ராம்’ என்று கம்பெனிக்குப் பெயர் வந்தது. 1954-இல் உலகின் இரண்டாவது உயர்ந்த சிகரமாகிய கே-2-இன் உச்சியை முதன்முதலில் தொட்ட இத்தாலியர்களின் பூட்ஸிலும் இந்த அடிப்பாகமே இருந்தது.

இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. விப்ராம் பெரும்பாலும் முழுச் சப்பாத்து செய்து விற்கும் கம்பெனி அல்ல. அடிப்பாகத்தைச் செய்து மற்றக் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறது. பட்டணத்துக் கடையில் விலை உயர்ந்த மலைச் சப்பாத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் மஞ்சள் நிறத்தில் எட்டு மூலை முத்திரை ஒன்று இருக்கும். மேலே எந்தக் கம்பெனியின் பெயர் இருந்தாலும், வழுக்காமல் காப்பது அந்த அடி ரப்பர்தான்.

சரி, அந்த 1930-களில் உலகத்து ரப்பர் எங்கிருந்து போயிற்று? பெரும்பகுதி மலாயாவிலிருந்தும், இன்று இந்தோனேசியா என்று சொல்கிற டச்சுத் தீவுகளிலிருந்தும் போயிற்று. மலாயாவின் பெருந்தோட்டங்களில் மரம் வெட்டியவர்கள் யார்? பெரும்பாலும் நம் பாட்டனும் பாட்டியும்தான். அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்து, வேலையில்லை என்று ஆயிரக்கணக்கான தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். எஞ்சியவர்கள் குறைந்த கூலிக்கு இருட்டோடு எழுந்து பிரட்டுக்குப் போனார்கள். அதே ரப்பர், கடல் கடந்து போய், ஓர் அறிவாளியின் கையில் உயிர் காக்கும் பொருளாயிற்று.

ரப்பருக்கு அப்படி என்ன குணம்? கல்லை எவ்வளவு வழவழப்பு என்று நினைத்தாலும் அதில் நுண்ணிய மேடுபள்ளம் உண்டு. நம் எடை அழுத்தும்போது ரப்பர் அமுங்கி அந்த மேடுபள்ளத்துக்குள் புகுந்து கவ்விக்கொள்கிறது. இரும்பால் அது முடியாது. பச்சைப் பாலை உறைய வைத்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-இல் கண்டவர் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர். கரித்தூள் சேர்த்தால் தேய்மானம் குறையும். இன்றைய அடிப்பாகங்களில் மரத்து ரப்பரோடு செயற்கை ரப்பரும் கலக்கிறார்கள். மிருதுவாகச் செய்தால் பிடிப்பு அதிகம், ஆனால் சீக்கிரம் தேயும். கடினமாகச் செய்தால் நாள்பட உழைக்கும், ஆனால் ஈரத்தில் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில் சரியான கலவையைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கம்பெனிகளின் தொழில் ரகசியம்.

இனி நம் வீட்டு வாசலில் கிடக்கும் கறுப்புச் சப்பாத்துக்கு வருவோம். ‘அடிடாஸ் கம்போங்’ என்று மலாய்க்காரர்கள் வேடிக்கையாகப் பெயர் வைத்தார்களே, அதேதான். ஜெர்மன் கம்பெனிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முழுவதும் ரப்பர், அடியில் குமிழ் குமிழாகப் பற்கள். தண்ணீர் குடித்துக் கனக்காது. சேற்றைக் கழுவினால் போயிற்று. மலிவான விலைக்குக் கிடைக்கிறது. மரம் வெட்டுகிறவர்களுக்கென்று இருந்த இதை இன்று நம் நாட்டு மலையேறிகள் தேடி வாங்குகிறார்கள். 4,095 மீட்டர் உயரமுள்ள கினபாலு மலையில் சுமை தூக்கிப் போகிறவர்கள் பலர் இதைத்தான் அணிகிறார்கள்.

குறையே இல்லையா என்றால், உண்டு. கணுக்காலுக்கு ஆதரவு கிடையாது. கால் வியர்க்கும், நீண்ட தடித்த காலுறை போடாவிட்டால் கொப்புளம் வரும். பனி மலைக்கு இது ஆகாது. ஆனால் நம் நாட்டுச் சேற்றுக்கும் வேருக்கும் பழகிய சப்பாத்து இது.

பையன் மனமில்லாமல்தான் அதைப் போட்டுக்கொண்டு போனான். திரும்பி வந்தவன் பையைக்கூட இறக்காமல் நேரே என் வீட்டுக்கு வந்தான்.

“சார், அங்க வழிகாட்டியா வந்த பாக்சிக் இதேதான் போட்டிருந்தாரு!”

இன்னொன்றும் சொன்னான். ஒரு மாணவன் அண்ணனுடைய விலை உயர்ந்த பூட்ஸ் போட்டு வந்திருந்தானாம். பாதி வழியில் அதன் அடிப்பாகம் வாயைப் பிளந்துகொண்டு தனியாக வந்துவிட்டது. கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தானாம். அது ஆச்சரியமே இல்லை. பல பூட்ஸ்களில் அடிப்பாகத்துக்கும் மேல்தோலுக்கும் நடுவே மெத்தை போன்ற ஓர் அடுக்கு இருக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில், போடாமல் பெட்டிக்குள் வருடக்கணக்கில் வைத்தால், அது தானே பொடிந்துவிடும். பசையும் விட்டுப்போகும்.

ஆகவே பிள்ளைக்கு மலைச் சப்பாத்து வாங்கும் பெற்றோர்களே, பெயரைப் பார்க்குமுன் திருப்பி அடியைப் பாருங்கள். நகத்தால் அழுத்துங்கள், சற்றே அமுங்கி மீள வேண்டும். பற்களுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும். மாலையில், காலுறையோடு போட்டுப் பாருங்கள். நடந்த காலும் கொஞ்சம் வீங்கும். பழைய பூட்ஸானால் முதல் நாளே வீட்டைச் சுற்றி நடந்து வளைத்துப் பாருங்கள். இதற்காக முன்பணம் வாங்கிக் கடனைப் பெருக்காதீர்கள்.

விடைபெறும்போது பையன் ஒரு கேள்வி கேட்டான். “சார், பால் நம்ம வெட்டினோம். சப்பாத்தும் நம்ம காலுலதான் இருந்துச்சு. அப்புறம் ஏன் அந்தக் கம்பெனி நம்ம ஆளுங்களோடதா இல்ல?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. விடியுமுன் எழுந்து நிரையில் ஓடியவர்களுக்கு உட்கார்ந்து யோசிக்க நேரம் யார் கொடுத்தார்கள்? கடை வைக்க முதல் ஏது? பண உதவிக்குப் பிரெல்லி ஏது? அதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். ஆனால் இன்று அவனுக்குப் படிக்க நேரம் இருக்கிறது, நூல்நிலையம் இருக்கிறது. ரப்பரின் குணம் அறிய வேதியியல் பாடம் வரப்போகிறது. “அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடாதே” என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அவன் தாயார் வழியில் கண்டு சிரித்தார். முன்பணம் வாங்கவில்லையாம். பையன் தன் சப்பாத்தையும் அப்பாவுடையதையும் சேர்த்துக் கழுவி, வாசலிலேயே, எல்லாரும் பார்க்கும்படி காய வைத்திருக்கிறானாம்.

அன்று நான் ஒளித்து வைத்த சப்பாத்து நினைவுக்கு வந்தது. என் தகப்பனார் இன்று இல்லை. உங்கள் வீட்டு வாசலில் அப்படி ஒரு ஜோடி இருந்தால், பிள்ளைகளை அழைத்து அதன் கதையைச் சொல்லுங்கள்.