ஒரே பெயரில் இரண்டு ரவைகள்

சுட்டு முடிந்த வெற்று ரவைக்கோதுகளைச் சேகரித்து, புதிய பிரைமரும் வெடிமருந்தும் சன்னமும் இட்டுத் தாமே மீண்டும் ரவையாக்கிக் கொள்வது அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களிடையே நெடுநாளைய வழக்கம். பெரிய துளையுள்ள றிவோல்வருக்கு இப்படி ரவை செய்ய விரும்புபவர் .44 மக்னத்தைத் தேர்வதா, .45 கோல்ட்டைத் தேர்வதா என்ற வாதம் அங்கே பல தசாப்தங்களாக ஓயவில்லை. வாதிடுவோர் வலுவைப் பற்றியும் பின்னுதைப்பைப் பற்றியுமே பேசுகிறார்கள். என் வழக்கு வேறு. வலுவான ரவை வேண்டும் என்பவர் .45 கோல்ட்டைத் தொடவே கூடாது. அந்தப் பெயர் இன்று உண்மை பேசுவதில்லை.

துப்பாக்கி நிபுணனல்லாத இவனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் சீறக்கூடும். தலைப்பு ஒன்றும் செய்தி வேறொன்றுமாக இருந்தால் என்ன நேரும் என்பது பத்திரிகைக்காரனுக்குத் தெரியும். இங்கும் அதுதான் விடயம்.

.45 கோல்ட் 1873 இல் கருமருந்துக்கெனப் பிறந்த ரவை. அமெரிக்கத் தொழிற்றுறை அதற்கு விதித்துள்ள உச்ச அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 14,000 இறாத்தல். .44 மக்னத்துக்கோ 36,000. 1970களில் றூகர் நிறுவனத்தின் தடித்த பிளாக்ஹோக் றிவோல்வர் .45 இல் வந்ததும், அதே பழைய கோதுக்குள் ஏறத்தாழ இருமடங்கு அமுக்கத்தை அடைக்கத் தொடங்கினார்கள். கையேடுகளும் 'றூகருக்கு மாத்திரம்' என்று தனிப் பகுதி ஒதுக்கின.

ஆனால் கோதின் அடியில் பொறித்திருப்பது .45 கோல்ட் என்பது மட்டுமே. நூறாண்டு பழைய கோல்ட் றிவோல்வரிலும் அது இடறலின்றி நுழையும். எச்சரிக்கை பெட்டியின் மேல் இருக்கிறது, ரவையின் மேல் இல்லை. அந்த எச்சரிக்கையாவது நிலைத்ததா? 2005 இல் அதே றூகர், சிறிய சட்டகத்துடன் நியூ வக்கேரோவை வெளியிட்டது. அதுவும் றூகர்தான், அதுவும் .45தான். ஆனால் அந்த வலுத்த ரவைகளுக்கு அது ஏற்றதன்று. 'றூகருக்கு மாத்திரம்' என்ற சொற்றொடரே அன்று பொய்யாயிற்று.

.44 இன் வரலாறு வேறு விதமானது. ஐடஹோ மாநிலத்து எல்மர் கீத், 1920களில் தமது .45 கோல்ட் ஒன்று கனத்த ரவையால் வெடித்துச் சிதறிய பின்னர் .44 ஸ்பெஷலுக்கு மாறினார். ஒரே பருமனுள்ள உருளையில் .44 இன் துளை சிறியது, ஆகவே சுவர் தடித்தது. (44 என்பதும் சுத்தமான உண்மையன்று, சன்னத்தின் விட்டம் 0.429 அங்குலம். அந்தப் பொய் எவர் கையையும் பறிப்பதில்லை.) கீத் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்திய வலுத்த ரவையை 1955 இன் இறுதியில் றெமிங்டனும் ஸ்மித் அன்ட் வெசனும் வெளிக்கொணர்ந்தபோது, கோதை ஏறத்தாழ எட்டிலொரு அங்குலம் நீட்டினார்கள். புதிய ரவை பழைய .44 ஸ்பெஷல் றிவோல்வருக்குள் முழுதாக நுழையாது. பழைய ரவையோ புதியதில் தாராளமாகச் சுடும். 1935 இல் .357 மக்னத்துக்கும் இதே உபாயம்தான். எழுதப்படிக்கத் தெரியாதவனையும் தடுக்கும் எச்சரிக்கை அது. 1971 இல் 'டேர்ட்டி ஹரி' திரைப்படம் அந்த ரவைக்குத் தேடித்தந்த வீண்புகழை நான் கணக்கிலெடுக்கவில்லை. அந்த எட்டிலொரு அங்குலத்தையே எடுக்கிறேன்.

.45 இன் காவலர்கள் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. சன்னம் பெரிது, அதே வேலையைக் குறைந்த அமுக்கத்தில் செய்கிறது. ஒப்புக்கொள்கிறேன். "கவனமானவன் பெட்டியில் குறித்து வைப்பான்" என்ற மற்றப் பாதிதான் எனக்குச் செரிக்கவில்லை. கவனமானவனும் ஒருநாள் இறந்துபோவான். பெட்டிகள் மகனுக்கோ, மருமகனுக்கோ, பழம்பொருள் வாங்க வந்தவனுக்கோ போகும். ரவைகள் ஒரு தகர டப்பாவுக்குள் கலக்கும். அவற்றை எடுப்பவன் கையில் பாட்டனின் கோல்ட் இருந்தால், அவன் செய்த குற்றம் என்ன?

.45 மீது காதல் கொண்டவர் 14,000 என்ற எல்லைக்குள் நின்று ரவை செய்யட்டும்; காகித இலக்குக்கு அது தாராளம். அதற்கு மேல் வேண்டுமென்றால் .454 கசூல் றிவோல்வர் ஒன்றை வாங்கிக் கொள்ளட்டும். .45 கோல்ட்டையே நீட்டிச் செய்த ரவை அது. ஏறத்தாழ பத்திலொரு அங்குலம் கூடிய அதன் கோது, பாட்டனின் உருளைக்குள் முழுதாய் இறங்காது.