கிரியேட்டின் வாங்கப் போறீங்களா? விலை அதிகமான டப்பாதான் நல்லதா?

ஜிம்மில் சேர்ந்து இரண்டு மாதம் ஆனதும் பலருக்கும் வரும் கேள்வி, 'கிரியேட்டின் எடுக்கலாமா?' கடைக்குப் போனால் அடுத்த குழப்பம். மோனோஹைட்ரேட், மைக்ரோனைஸ்டு, ஹெச்.சி.எல், பஃபர்டு, எத்தில் எஸ்டர், கம்மி என்று விதவிதமான டப்பாக்கள். எதையோ ஒன்றை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், "இதெல்லாம் சாப்பிட்டா கிட்னி போயிடும்டா" என்று அம்மா பதறுவார். மகனின் குழப்பம், அம்மாவின் பயம் இரண்டையும் பார்த்துவிடலாம்.

இது ஸ்டீராய்டா?

இல்லை. 1832-ல் செவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இறைச்சியில் கண்டுபிடித்த பொருள் இது. நம் உடலே தினமும் சுமார் 1 கிராம் தயாரித்துக்கொள்கிறது. மீன், இறைச்சியிலிருந்தும் கொஞ்சம் கிடைக்கிறது. சர்வதேச ஊக்கமருந்துத் தடைப் பட்டியலிலும் இது இல்லை.

கனமான எடையைத் தூக்கும் முதல் சில விநாடிகளில் தசைக்குத் தேவையான ஆற்றலை வேகமாக மீட்டுத் தருவதுதான் இதன் வேலை. 8 முறை தூக்கியவர் 9, 10 முறை தூக்க முடியலாம். தசையை வளர்ப்பது அந்தக் கூடுதல் பயிற்சிதான். பவுடரைக் குடித்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தால் தசை வளராது.

எந்த வகை?

மோனோஹைட்ரேட்: அதிக ஆய்வுகள் நடந்திருப்பது இதில்தான். விலையும் குறைவு.

மைக்ரோனைஸ்டு: அதே மோனோஹைட்ரேட்தான், இன்னும் நைஸாக அரைத்தது. தண்ணீரில் எளிதாகக் கலக்கும்.

ஹெச்.சி.எல்: நன்றாகக் கரையும் என்பது உண்மை. ஆனால், மோனோஹைட்ரேட்டையே உடல் கிட்டத்தட்ட முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. எனவே, 'கொஞ்சம் எடுத்தாலே போதும்' என்ற விளம்பரத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை. மோனோஹைட்ரேட் குடித்தால் வயிறு உப்பும் என்பவர்கள் முயன்று பார்க்கலாம்.

பஃபர்டு: 2012-ல் வெளியான ஒப்பீட்டு ஆய்வில், மோனோஹைட்ரேட்டைவிட இது மேலானதாகத் தெரியவில்லை.

எத்தில் எஸ்டர்: இதைத் தவிர்க்கலாம். தசைக்குச் சேர்வதற்குள் பெருமளவு கிரியேட்டினின் என்ற கழிவாக மாறிவிடுகிறது.

திரவ வடிவம்: தண்ணீரில் நாள்கணக்கில் இருந்தால் கிரியேட்டின் சிதையும். பவுடரையும் கலக்கியவுடன் குடித்துவிடுங்கள்.

கம்மி: ஒரு கம்மியில் எத்தனை கிராம், ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிட வேண்டும், கூடவே எவ்வளவு சர்க்கரை என்று கணக்குப் போட்டுப் பார்த்தாலே முடிவு தெரிந்துவிடும்.

எவ்வளவு எடுக்கலாம்?

ஆரோக்கியமான பெரியவர்களுக்குத் தினமும் 3 முதல் 5 கிராம். முதல் வாரம் 20 கிராம் எடுக்கும் 'லோடிங்' கட்டாயமில்லை. தினமும் 3 கிராம் எடுத்தாலே சுமார் நான்கு வாரத்தில் தசை அதே அளவுக்கு நிரம்பிவிடும். தொடக்கத்தில் எடை ஒன்றிரண்டு கிலோ கூடலாம். அது பெரும்பாலும் தண்ணீர்தான், கொழுப்பு அல்ல.

சைவம் சாப்பிடுபவர்களின் தசையில் கிரியேட்டின் இருப்பு குறைவு என்பதால், அவர்களுக்குப் பலன் நன்றாகத் தெரியலாம். பவுடர் ஆலையில் செயற்கையாகத் தயாராவது. ஆனால், கேப்சூலின் உறை ஜெலட்டினாக இருக்கலாம். பச்சைக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள்.

கிட்னி பயம்

குழப்பத்துக்குக் காரணம் பெயர்தான். கிரியேட்டின் வேறு, கிரியேட்டினின் வேறு. கிரியேட்டின் சிதைந்து வெளியேறும் கழிவுதான் கிரியேட்டினின். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை ரத்தத்தில் உள்ள கிரியேட்டினின் அளவை வைத்துத்தான் கணிக்கிறார்கள். கிரியேட்டின் எடுப்பவர்களுக்கு, சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் இந்த அளவு சற்றே கூடலாம். ஆரோக்கியமானவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட அளவில் சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை.

அதற்காக, ரிப்போர்ட்டில் அளவு கூடினால் 'பவுடரால்தான்' என்று நீங்களே முடிவுகட்டிவிடாதீர்கள். உண்மையான சிறுநீரகப் பாதிப்பும் அறிகுறி இல்லாமல் ஒளிந்திருக்கலாம். என்ன எடுக்கிறீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். தேவைப்பட்டால், கிரியேட்டினால் மாறாத 'சிஸ்டாட்டின் சி' பரிசோதனையை அவர் எழுதித் தருவார்.

சிறுநீரக நோய், சர்க்கரை, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், 18 வயதுக்கு உட்பட்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம்.

வாங்கும்போது...

உட்பொருள் பட்டியலில் 'கிரியேட்டின் மோனோஹைட்ரேட்' மட்டும் இருக்கட்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 14 இலக்க உரிம எண், காலாவதி தேதி, உடையாத சீல் மூன்றையும் பாருங்கள். உதிரியாகக் கிடைக்கும் பவுடர் வேண்டாம். தினமும் 5 கிராம் என்றால் 250 கிராம் டப்பா 50 நாள் வரும். டப்பா விலையை 50-ஆல் வகுத்தால் ஒரு நாள் செலவு தெரியும். காஸ்ட்லி டப்பாவுக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். மிச்சமாகும் பணத்தில் முட்டை, சுண்டல், பயறு வாங்கலாம். தசைக்கு அதுவும் வேண்டும்!