‘ன்’ போய் ‘ர்’ வந்த கதை
(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

ஆண்டு மலருக்குச் சினிமாவைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் தோழியர் சிலர் சிரித்தனர். "விஞ்ஞான மாணவிக்குக் கருந்துளை, சூரிய ஆற்றல் என்று தலைப்புகளா கிடைக்கவில்லை?" என்று கேட்டனர். கிடைக்கின்றன, ஆண்டுதோறும் யாராவது எழுதிக்கொண்டும் இருக்கிறார்கள். நான் எழுத விரும்புவது சிரிப்புப் படங்களைப் பற்றி. அதிலும் பணக்காரர்களையும் பணக்காரர்களாக நடிப்பவர்களையும் வைத்து எடுக்கப்பட்ட சிரிப்புப் படங்களைப் பற்றி. அழவைத்தால் சமூகப் படம், சிரிக்கவைத்தால் பொழுதுபோக்குப் படம் என்றொரு பாகுபாடு நம்மிடையே இருக்கிறது. அது சரியன்று என்பது என் துணிபு.

1964-இல் ஸ்ரீதர் இயக்கிய ‘காதலிக்க நேரமில்லை’யைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. தொலைக்காட்சியில் பார்த்திருப்போம், கைபேசியில் துண்டு துண்டாகவாவது பார்த்திருப்போம். டி.எஸ்.பாலையா அதில் சின்னமலை எஸ்டேட் முதலாளி விஸ்வநாதன். தம் பெண்களுக்குப் பணக்கார மாப்பிள்ளைகளே வர வேண்டும் என்பது அவருடைய ஒரே இலட்சியம். அவரிடம் வேலை பார்த்து நீக்கப்பட்ட அசோகன் (ரவிச்சந்திரன்) ஒரு கோடீஸ்வரரின் மகன் என்று அவரை நம்ப வைக்கிறார்கள். அந்தக் கோடீஸ்வரத் தந்தையாக வேடமிட்டு வருபவர் அவனுடைய நண்பனாகிய முத்துராமன். நேற்றுவரை ‘அவன்’ என்று விரட்டப்பட்டவனுடைய பெயரின் கடைசி எழுத்து பாலையாவின் வாயில் ‘ன்’ என்பதிலிருந்து ‘ர்’ என்று மாறிவிடுகிறது. அதோடு நிற்கவில்லை. ‘மகன்’ என்ற உறவுப் பெயருக்கும் அதே ‘ர்’ விகுதியைச் சேர்த்து, குனிந்து, குழைந்து கேட்கிறார். திரையரங்குகள் அதிர்ந்த இடம் அது. இன்றும் எங்கள் வீட்டுக் கூடம் அதிர்கிறது.

உயர்வு கருதி ஒருமையைப் பன்மையாகச் சொல்வதை வழுவமைதி என்பார்கள். பிழைதான், ஆனால் இலக்கணம் பொறுத்துக்கொள்கிற பிழை என்று தமிழ் வகுப்பில் படித்தோம். பாலையா செய்தது இலக்கணமும் பொறுக்காத பிழை. அதனால்தான் சிரிக்கிறோம். ஆனால் அந்தப் பிழைக்குள் ஓர் உண்மை இருக்கிறது. அசோகனிடம் எதுவும் மாறவில்லை. அதே உயரம், அதே சட்டை, அதே குறும்பு. மாறியது அவனுடைய தகப்பனாருடைய சொத்து மதிப்பு, அதுவும் பொய். மரியாதை என்பது மனிதனுக்கு ஒட்டியிருப்பதன்று, பணத்துக்கு ஒட்டியிருக்கிற ஒரு விகுதி என்பதைக் கண்ணீர்ப் படம் இரண்டு மணி நேரம் வசனம் பேசிச் சொல்லும். பாலையா ஒரே எழுத்தில் சொல்லிவிட்டார்.

இந்த விகுதி விவகாரம் நம் பகுதிக்குப் புதிதன்று. என் தந்தை ஐம்பதைக் கடந்தவர். எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை. ஓர் அலுவலகத்தில் மனுவோடு நின்றபோது, என்னைவிட நாலைந்து வயதே மூத்த ஒருவர் அவரை ‘நீ’ என்றுதான் பேசினார். படிவத்தை வாங்கி நான் ஆங்கிலத்தில் நிரப்பிக் கொடுத்த பிறகு ‘நீங்க’ வந்தது. எனக்குத்தான், அப்பாவுக்கு அல்ல.

‘எஸ்டேட்’ என்ற சொல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். எஸ்டேட் முதலாளி என்றால் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தேயிலைத் தோட்டமும் மலைப்பங்களாவும் நினைவுக்கு வரும். எங்களுக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டைதான் வரும். சிறுவயதில் பாலையா போல்ட்டும் நட்டும் செய்கிற கம்பெனி வைத்திருக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். வேடிக்கை என்னவென்றால் அம்பத்தூர் எஸ்டேட் தொடங்கியதும் அதே 1964-இல்தான். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1955 ஜனவரியில், பக்கத்து ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோஷலிச பாணிச் சமுதாயமே நாட்டின் குறிக்கோள் என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. இந்த மண்ணில் நின்று அந்தப் படத்தைப் பார்த்தால் இன்னொரு காட்சியும் வேறு மாதிரி தெரியும். வேலை போன அசோகன் கெஞ்சவில்லை, அழவில்லை, அம்மாவின் படத்துக்கு முன் நின்று கேள்வி கேட்கவில்லை. முதலாளியின் பங்களாவுக்கு எதிரே கூடாரம் அடித்து, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, முதலாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆடிப் பாடி வேலையைத் திருப்பிக் கேட்கிறான்! கம்பெனி வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தவர்களை அறிந்த ஊர் நம் ஊர். அந்தப் பந்தலில் பாட்டும் கும்மாளமும் இருந்தால் எப்படி இருக்கும் என்று காட்டியவர்கள் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும். இருவரும் செங்கல்பட்டில் வளர்ந்த நண்பர்கள். 1997 வரை நாமும் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள்தாமே!

இப்படிப்பட்ட படங்களுக்கு அமெரிக்காவில் ‘ஸ்க்ரூபால் காமெடி’ என்று பெயர். பேஸ்பால் ஆட்டத்தில் எதிர்பார்க்கும் பக்கத்துக்கு நேர்மாறாகத் திரும்பும் பந்துக்கு அந்தப் பெயர். நம் கிரிக்கெட்டில் கூக்ளி என்று வைத்துக்கொள்ளலாம். (சுழலும் பந்தைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளுவதற்கு மாக்னஸ் விளைவு என்று பெயர். இத்துடன் இயற்பியல் துறைக்கு என் கடமை முடிந்தது.) 1929-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்து, 1933-இல் உழைப்பாளர்களில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவர் வேலையின்றி நின்ற நாட்டில் பிறந்தவை இவை. ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹாப்பண்ட் ஒன் நைட்’ 1934-இல் வந்தது. கோடீஸ்வரர் மகள் வீட்டைவிட்டு ஓடிப்போய், வேலை போன பத்திரிகைக்காரனோடு பேருந்தில் பயணம் செய்கிற கதை. 1956-இல் இந்தியில் ‘சோரி சோரி’யாக வந்தது அந்தக் கதைதான். 1936-இல் வந்த ‘மை மேன் காட்ஃப்ரே’யில் பணக்காரர்கள் ஒரு போட்டி விளையாட்டுக்காகக் குப்பைமேட்டில் வசிக்கும் ஏழை ஒருவனைத் தேடிப்பிடித்து, பொருளைக் கொண்டுவந்து காட்டுவது போல் ஹோட்டலில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பசியால் வாடும் நாடு பணக்காரர்களைப் பார்த்து ஏன் சிரித்தது என்று கேட்பவர்கள், 1967-இல் நம் நாட்டில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். அரிசித் தட்டுப்பாடு, ரூபாயின் மதிப்பு முந்திய ஆண்டுதான் குறைக்கப்பட்டிருந்தது, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி மேடைகளில் முழங்கியது. அந்த ஆண்டில்தான் பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ வெளிவந்து வெற்றி பெற்றது. அதற்குப் பிறகு வருகிறேன்.

அமெரிக்கர்களைப் பார்த்துத்தான் கற்றோம் என்று யாரும் எண்ண வேண்டாம். 1941-இலேயே ஏ.வி.மெய்யப்பன் ‘சபாபதி’யை எடுத்தார், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். டி.ஆர்.ராமச்சந்திரன் நடித்த பணக்கார வீட்டுப் பிள்ளையின் பெயர் சபாபதி. காளி என்.ரத்தினம் நடித்த வேலைக்காரனின் பெயரும் சபாபதி. பெயரும் ஒன்று, மூளையின் அளவும் ஏறத்தாழ ஒன்று. ஒருவன் பட்டுச் சட்டையோடு தேர்வில் தோற்றுக்கொண்டிருக்கிறான். மற்றவன் அவனுக்குச் சோடா கொண்டுவருகிறான். வேறுபாடு எங்கே இருக்கிறது என்று படம் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை.

கண்ணீர்ப் படங்களின் மீது எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். அங்கே ஏழையாகப் பிறந்தவன் நல்லவனாக இருந்தே தீர வேண்டும். பசித்தாலும் பொய் சொல்லக் கூடாது. அவமானப்பட்டாலும் அடக்கமாக நிற்க வேண்டும். கடைசியில் பணக்காரன் மனம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டும். நல்லொழுக்கம் மட்டுமே ஏழையின் சொத்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் எங்களுக்கு இந்தப் பாடம் வீட்டிலும் வெளியிலும் போதிய அளவு கிடைக்கிறது. அடக்கமாக இரு, நன்றியோடு இரு, வாயைத் திறக்காதே! சிரிப்புப் படங்களில்தான் ஏழைக்கு மூளை கொடுக்கிறார்கள். குறும்பு கொடுக்கிறார்கள். முதலாளியைவிட வேகமாகச் சிந்திக்கும் உரிமை கொடுக்கிறார்கள். இது சிறிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. நேர்முகத் தேர்வில் மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவரைக் கண்டு நாக்கு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பாடம் தெரியாமை அன்று, பிரமிப்பு. கோட்டையும் கண்ணாடியையும் வேறொருவர் மாட்டிக்கொண்டாலும் பாலையாக்கள் எழுந்து நிற்பார்கள் என்று ஒருமுறை சிரித்துப் பார்த்தவளுக்கு அந்தப் பிரமிப்பு கொஞ்சம் குறையும்.

1981-இல் வந்த ‘தில்லு முல்லு’ நேர்முகத் தேர்வைப் பற்றிய படமே. ‘கோல்மால்’ என்ற 1979-ஆம் ஆண்டு இந்திப் படத்தைத் தழுவி, விசுவின் வசனத்தோடு பாலசந்தர் எடுத்தது. தேங்காய் சீனிவாசன் முதலாளி. மீசையும் பழைய பாணி உடையும் உள்ளவனே ஒழுங்கானவன். விளையாட்டுப் பித்துப் பிடித்தவன் உருப்படமாட்டான் என்பது அவர் கொள்கை. வேலை வேண்டிய ரஜினிகாந்த் அவர் விரும்பும் உருவத்தைத் தைத்து மாட்டிக்கொண்டு போகிறார். குட்டு வெளிப்படும் நிலை வந்ததும், மீசையில்லாத தம்பி ஒருவன் இருப்பதாகப் புளுகி, மீசையையும் எடுத்துவிடுகிறார். ஒரே ஆள், மீசை இருந்தால் உத்தமன், இல்லாவிட்டால் உதவாக்கரை. இதைப் பார்த்துச் சிரிக்கும் நாம், வேலைவாய்ப்பு முகாமுக்கு முன்தினம் எப்படி உட்கார வேண்டும், எப்படிக் கைகுலுக்க வேண்டும், எந்த நிறச் சட்டை போட வேண்டும் என்று வகுப்புக் கேட்டுவிட்டுத்தான் வருகிறோம். மீசை மட்டும் மாறியிருக்கிறது.

‘அன்பே வா’ ரசிகர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். 1966-இல் ஏ.வி.எம். எடுத்த, ‘கம் செப்டம்பர்’ என்ற 1961-ஆம் ஆண்டு ஹாலிவுட் படத்தின் சாயல் கொண்ட வண்ணப்படம். கோடீஸ்வரரான எம்.ஜி.ஆர். சிம்லாவிலுள்ள தம்முடைய சொந்த பங்களாவிலேயே வாடகைக்காரராகத் தங்குகிறார். காவலுக்கு இருந்த நாகேஷ் அதைச் சரோஜாதேவி குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். அழகான படம், மறுக்கவில்லை. ஆனால் பணக்காரன் ஏழையாக நடிப்பதும் ஏழை பணக்காரனாக நடிப்பதும் ஒன்றாகாது. எம்.ஜி.ஆர். விரும்பிய நிமிடத்தில் வேடத்தைக் கலைக்கலாம், பங்களா அவருடையது. ரஜினியின் மீசை விழுந்தால் வேலை போய்விடும்.

இந்தப் படங்கள் எல்லாமே கடைசியில் ஏதோ ஒரு வகையில் பின்வாங்குகின்றன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். குப்பைமேட்டுக் காட்ஃப்ரே உண்மையில் பாஸ்டன் நகரத்துப் பெரிய குடும்பத்துப் பிள்ளை என்று தெரியவரும்போது எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ‘காதலிக்க நேரமில்லை’யில் கோடீஸ்வரராக வேடமிடும் முத்துராமனும் நிஜத்தில் பணக்கார வீட்டு வாரிசுதான். பாதி வேலையை வேடமும் மீதி வேலையைப் பிறப்பும் செய்துவிடுகின்றன. பெண்களின் நிலையோ இன்னும் மோசம். காப்ராவின் படத்தில் நாயகன் கைகாட்டிக் கைகாட்டித் தோற்ற இடத்தில் நாயகி ஒரு நொடியில் காரை நிறுத்திவிடுகிறாள். நம் படங்களில் காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் ஆண்கள் போடும் திட்டம் பலிக்கும்வரை காத்திருக்கிறார்கள். விதிவிலக்குச் சௌகார் ஜானகி. ‘தில்லு முல்லு’வில் இல்லாத அம்மாவாக அவர் நடிக்கும் நடிப்பு ரஜினியின் புளுகுக்குச் சற்றும் குறைந்ததன்று.

‘பாமா விஜயம்’ மட்டும் பின்வாங்கவில்லை. நடிகர் பட்டியலைப் பாருங்கள்: பாலையா, முத்துராமன், நாகேஷ், காஞ்சனா, ராஜஸ்ரீ. 1964-இல் எஸ்டேட் பங்களாவில் இருந்தவர்களில் பெரும்பாலோர் மூன்றே ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பத்துக்கு வந்துவிட்டார்கள். அன்று பணத்துக்கு முன் வளைந்த பாலையா, இங்கே மகன்களும் மருமகள்களும் வளைவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தந்தை. அருகில் குடிவந்த நடிகை பாமாவின் முன் குறைந்துபோகக் கூடாது என்று மூன்று மருமகள்களும் கடனுக்கும் வாடகைக்கும் பொருள்களை வாங்கி வீட்டை நிரப்புகிறார்கள். பாலசந்தர் சினிமாவுக்கு வருமுன் ஏ.ஜி. ஆபீஸில் கணக்குப் பார்த்தவர். மாதச் சம்பளக் குடும்பத்தில் வரவும் செலவும் எப்படி முட்டிக்கொள்ளும் என்று அவருக்குத் தெரியும். இந்தப் படத்தில் யாரும் மறைந்திருந்த வாரிசாகக் கண்டுபிடிக்கப்படுவதில்லை. பணக்கார மாப்பிள்ளை வந்து கடனை அடைப்பதில்லை. வேடத்துக்குச் செலவான பணத்தை வேடமிட்டவர்களே கட்ட வேண்டியிருக்கிறது. ஆவடிக் கடைவீதியில் இன்று தவணையில் கைபேசி வாங்குகிறவர்களுக்கு இதில் ஒரு காட்சிகூடப் பழையதாகத் தோன்றாது. எங்கள் வகுப்பில் பாதிப்பேரின் கைபேசி இன்னும் முழுசாக அவர்களுடையதன்று.

முத்தமிழ் மன்றத்தாருக்கு ஒரு விண்ணப்பம். இவ்வாண்டு விழாவில் பட்டிமன்றம் ஒன்றைக் குறைத்துக்கொண்டு ‘பாமா விஜயம்’ படத்தைக் கருத்தரங்க அறையில் முழுமையாகத் திரையிடலாம். படவீழ்த்தி எங்கள் துறையில் இருக்கிறது. பேராசிரியரிடம் நானே கேட்டு வாங்கித் தருகிறேன். கறுப்பு வெள்ளைப் படம், ஆகையால் சன்னல் திரைச்சீலைகளை நன்றாக மூட வேண்டியிருக்கும். பிற்பகலில் ஆய்வுக்கூட வகுப்பு இல்லாத நாளாகப் பார்த்து வைத்தால் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்களும் கடைசிவரை இருந்து பார்க்கலாம்.