தலைக்கு வந்தது

‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று’ என்பது தமிழர் நாவில் பயின்றுவரும் பழமொழி. பெருங்கேடு ஒன்று சிறு இழப்போடு நீங்கியதை அது குறிக்கும். மிதிவண்டி ஓட்டுவோர்க்கோ இது வெறும் உவமையன்று. நேர்ப்பொருளிலேயே கொள்ளத்தக்க அறிவுரை.

தருமபுரி மாவட்டத்துக் காரிமங்கலம், ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். இத்தகைய ஊர்களில், சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவர் பலர்க்கு மிதிவண்டியே துணை. தமிழ்நாட்டில் 2001-02ஆம் ஆண்டில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கெனத் தொடங்கப்பெற்ற மிதிவண்டித் திட்டம், பின்னர் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவர் அனைவர்க்கும் விரிந்தது. தொலைவு என்னும் தடையை அது தகர்த்தது. ஆனால், அம்மாணவர் செல்லும் சாலையில்தான் சரக்குந்துகளும் பேருந்துகளும் விரைகின்றன. வண்டி கைக்கு வந்தது. தலைக்கவசம் தலைக்கு வரவில்லை.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 129ஆம் பிரிவில் மோட்டார் இருசக்கர வண்டியில் செல்வோர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. மிதிவண்டி அப்பிரிவில் அடங்காது. சட்டம் பேசாமையால் ஆபத்தும் இல்லையெனக் கருதுவது பேதைமை. தார்ச்சாலையின் வன்மை, விழுபவர் ஏறிவந்த வண்டி எதுவெனக் கேட்பதில்லை.

மிதிவண்டித் தலைக்கவசத்தின் உட்புறம் தெர்மாகோல் போன்ற நுரைப்பொருளால் ஆனது. மோதும்போது அது நசுங்குகிறது. தலை நிலைகொள்ளும் நேரம் சற்றே நீள்கிறது. மூளையைத் தாக்கும் விசை குறைகிறது. கவசம் தன்னை அழித்துத் தலையைக் காக்கிறது. எனவே, ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தை மீண்டும் அணிதல் கூடாது.

தேர்ந்தெடுத்தலிலும் கருத்து வேண்டும். கவசம் புருவத்திற்கு மேல் இருவிரல் இடைவெளியில் நெற்றியை மறைக்க வேண்டும். பக்கவார்கள் காதின்கீழ் ஒன்றுசேர வேண்டும். தாடைவாரை மாட்டியபின் தலையை அசைத்தால் கவசம் நழுவலாகாது. ‘வளரும் பிள்ளைக்கு ஆகும்’ என்று பெரிதாக வாங்குவது சட்டைக்குப் பொருந்தலாம், கவசத்திற்குப் பொருந்தாது. காற்றுத்துளைகள் உள்ள கவசம் தருமபுரியின் வெயிலுக்கும் ஏற்றது.

கவசம் மட்டுமே போதுமா என்று வினவுவோர் உளர். அவ்வினா நியாயமானதே. நெதர்லாந்தில் பெரும்பாலோர் கவசமின்றியே மிதிவண்டியில் செல்கின்றனர். அங்கு மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகள் உள்ளன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலமோ 1990இல் மிதிவண்டி ஓட்டுவோர்க்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. கவசம் விபத்தைத் தடுப்பதில்லை. விழுந்தபின்னரே அது உதவுகிறது. விபத்தைத் தடுப்பது நல்ல பாதையும் பிற ஓட்டுநரின் பொறுப்புணர்வுமே. ஆகவே, பிள்ளையின் தலையில் கவசத்தை ஏற்றிவிட்டுச் சாலையின் குறைகளை மறப்பது முறையன்று. தனிப்பாதை அமையும்வரை தலையைத் திறந்துவைத்திருப்பதும் அறிவன்று.

தண்டம் விதித்து மாணவரை மிதிவண்டியிலிருந்து இறக்கிவிடுதல் வேண்டா. வண்டியை வழங்கும் கையே கவசத்தையும் வழங்கட்டும். அணியும் பழக்கத்தை ஆசிரியரும் பெற்றோரும் வளர்க்கட்டும். உடைந்த கவசத்திற்கு மாற்றுக் கவசம் கடையில் கிடைக்கும். தலைக்கு மாற்று எங்கும் இல்லை.