சுதேசிச் சீனச் சாப்பாடு

சமீபத்தில் ஒரு வாரம் பெர்ன்ஹில்லில் வாசம் செய்யும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. பாக்கியம் என்று சொன்னது குளிரையும் மூடுபனியையும் உத்தேசித்து. சாப்பாட்டை உத்தேசித்து அல்ல. மலை ரயில் பாதையில் லவ்டேலுக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே இருப்பது பெர்ன்ஹில். மைசூர் மகாராஜாக்களின் கோடை அரண்மனை அங்கேதான் இருக்கிறது. 1923-ம் வருஷத்தில் நடராஜ குரு ஸ்தாபித்த நாராயண குருகுலமும் அங்கேதான் இருக்கிறது. அரண்மனையில் ராஜபோஜனம் நடந்த காலம் உண்டு; குருகுலத்தில் ஞான போஜனம் உண்டு. சிறு பங்களா ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தங்கிய எங்களுக்குக் கிடைத்ததோ வேகாத சாதம்.

இதில் சமையற்காரரின் குற்றம் ஒன்றும் இல்லை. கடல் மட்டத்தில் 100 பாகை உஷ்ணத்தில் கொதிக்கும் தண்ணீர், 7,000 அடிக்கு மேலே இருக்கும் உதகையில் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து நாம் ஏமாந்து போகிறோம். பருப்போ அந்தச் சூட்டுக்கு மசிவதில்லை. இத்தகைய சங்கடங்களைத் தீர்ப்பதற்குப் பிரஷர் குக்கர் என்ற சாதனம் உதவும். ஆனால் எங்கள் பங்களாவில் இருந்த குக்கருக்கு ரப்பர் வளையம் தேய்ந்து போயிருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம், என் மனைவியின் தமையனார் தட்டிலிருந்த துவரம் பருப்பை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை உதறினார்.

"ராத்திரி ஷின்கோஸுக்குப் போகலாம் மாமா!" என்றாள் என் பெண்.

"அது என்ன ஷின்கோஸ்?"

"ஊட்டியிலே கமிஷனர் ரோட்டில் இருக்கிற சீன ஹோட்டல். ரொம்பப் பழைய கடை. விலையும் அதிகம் இல்லை."

என் மைத்துனர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பெரிய தேசபக்தர். 2020-ம் வருஷம் கல்வான் பள்ளத்தாக்கில் நமது வீரர்கள் இருபது பேர் உயிர் நீத்த செய்தி வந்த அன்று முதல், சீனாவில் செய்த சாமான் எதையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று விரதம் பூண்டவர். "சீனன் கடையிலா? நான் வரமாட்டேன். இத்தாலியச் சாப்பாடு என்றால் வருகிறேன். இத்தாலிக்காரன் நம்மோடு சண்டை போடவில்லை" என்றார்.

"போட்டான் மைத்துனரே!" என்றேன். "1941-ம் வருஷத்தில் எரித்ரியாவில் கெரன் என்னும் மலைக் கணவாயில் இந்தியப் பட்டாளங்கள் இத்தாலியச் சேனையுடன் வாரக் கணக்கில் போராடின. பிடிபட்ட இத்தாலியர்களைக் கப்பல் கப்பலாக இந்தியாவுக்குக் கொண்டு வந்தார்கள். பெங்களூரில்கூடக் கைதி முகாம் இருந்தது. அதற்காக நீர் மக்கரோனியை விட்டுவிட்டீரா?"

"அது வெள்ளைக்காரனுடைய யுத்தம்" என்று அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ஆனால் பசி தேசபக்தியைக் காட்டிலும் பொல்லாதது. மாலை ஏழு மணிக்கு, "துணைக்கு மட்டும் வருகிறேன், சாப்பிடமாட்டேன்" என்ற நிபந்தனையுடன் கிளம்பினார்.

வழியில் அவரைச் சமாதானப்படுத்துவதற்காக, இத்தாலியர் பெயரால் இந்தியாவில் நடந்த ஹோட்டல்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டு போனேன். கல்கத்தா சௌரங்கியில் ஆஞ்சலோ ஃபிர்போ 1917-ல் ஆரம்பித்த விடுதி ஒரு காலத்தில் தேசமெங்கும் பிரசித்தம். சென்னையில் டி ஆஞ்சலிஸ் என்பவர் மௌண்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்தியதோடு, 1910-ம் வருஷத்தில் சொந்தமாக ஓர் ஆகாய விமானமும் வைத்துக்கொண்டு பறந்து காட்டினார்! இவையெல்லாம் துரைமார்களும் ராஜாக்களும் சாப்பிட்ட இடங்கள். நம்மைப் போன்றவர்கள் வீதியில் நின்று விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துவிட்டுப் போயிருப்போம். இன்று இரண்டுமே இல்லை. துரைகள் போனார்கள், பின்னோடு அவர்களுடைய மேஜைகளும் போய்விட்டன.

ஷின்கோஸின் கதை வேறு. சீனக் குடும்பம் ஒன்று 1954-ம் வருஷத்தில் உதகையில் நிறுவிய கடை அது. அந்த வருஷத்தைச் சற்று ஞாபகப்படுத்திக் கொள்ள வேண்டும். இந்தியாவும் சீனாவும் பஞ்சசீல உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அந்த 1954-ல்தான். "இந்தியரும் சீனரும் சகோதரர்" என்று வடக்கே கோஷம் எழுந்த காலம். உடன்படிக்கைக்கு எட்டு வருஷந்தான் ஆயுள் வைத்திருந்தார்கள். 1962-ல் அது காலாவதி ஆயிற்று. அதே வருஷத்தில் யுத்தமும் வந்துவிட்டது. இரண்டு பெரிய சர்க்கார்கள் சேர்ந்து செய்த ஏற்பாடு எட்டு வருஷம் நிலைத்தது. ஓர் அடுப்பையும் நாலு மேஜையையும் நம்பி ஆரம்பித்த ஏற்பாடு தலைமுறைகளைத் தாண்டி நிலைத்திருக்கிறது.

கடைக்குள் நுழைந்ததும் என் மைத்துனர் ஏமாற்றம் அடைந்தார். டிராகன் பொம்மைகளையும் பட்டுத் திரைகளையும் எதிர்பார்த்து வந்திருந்தார் போலும்! ஆடம்பரம் ஒன்றும் இல்லை. ஒரு மேஜையில் உள்ளூர் வியாபாரி ஒருவர் தம் குடும்பத்துடன் உட்கார்ந்திருந்தார். இன்னொன்றில் கல்லூரிப் பையன்கள் நால்வர், சட்டைப் பையிலிருந்த பணத்தை ஒன்று சேர்த்து எண்ணிப் பார்த்துவிட்டு, எத்தனை தட்டு வாங்கலாம் என்று மந்திராலோசனை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கடை வெகுகாலமாய் நடக்கிறது என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேறு வேண்டுமா? பணக்காரர்களை நம்பிய ஹோட்டல் பணக்காரர்களோடு போய்விடும். பையன்களை நம்பிய ஹோட்டலுக்கு அந்தப் பையன்கள் நரை விழுந்த பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருவார்கள்.

சூப்பு வந்தது. குளிருக்கு அதைப் போல் பரம ஔஷதம் இல்லை. பிறகு காய்கறி நூடுல்ஸும், எங்களில் மாமிசம் உண்போருக்குக் கோழி வறுவலும் வந்தன. சீனச் சமையலின் சூட்சுமம் அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. காரட்டையும் கோஸையும் பீன்ஸையும் மெல்லிசாக நறுக்கி, பழுக்கக் காய்ந்த இரும்புச் சட்டியில் எண்ணெய் விட்டுப் போட்டு, இரண்டு மூன்று நிமிஷம் புரட்டி எடுத்துவிடுகிறார்கள். காய்ந்த எண்ணெயின் உஷ்ணம் தண்ணீரின் கொதிநிலைக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆகவே மலை உச்சியானாலும் சமுத்திரக் கரையானாலும் அந்த வறுவல் ஒரே பதத்தில் வேகிறது. எங்கள் பங்களாவில் மூன்று நாளாய்த் தோற்றுக் கொண்டிருந்த யுத்தத்தில், இந்தச் சட்டி மூன்று நிமிஷத்தில் ஜயித்துவிட்டது.

மைத்துனர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "சுதேசி என்றால் என்ன, சொல்லும்" என்று அவரைக் கேட்டேன். "இந்தத் தட்டிலுள்ள கோஸும் காரட்டும் பக்கத்து மலைச் சரிவுகளில் விளைபவை. சமைத்த அடுப்பு இங்கே இருக்கிறது. வரியை வாங்கிக்கொள்வது நம்முடைய சர்க்கார். கடல் கடந்து போவது இதில் எது?"

"இருந்தாலும் சீனச் சாப்பாடுதானே, மாப்பிள்ளை?"

"அப்படிப் பார்த்தால் இந்த மலையில் சுதேசி என்ன மிஞ்சும்? கோஸும் காரட்டும் 1820-களில் ஸல்லிவன் துரை காலத்தில் சீமையிலிருந்து வந்தன. உருளைக்கிழங்கும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். தேயிலை இருக்கிறதே, அதை 1830-களில் சீனத்து விதையிலிருந்துதான் கேத்திப் பண்ணையில் பயிர் செய்து பார்த்தார்கள்."

இந்த இடத்தில் சாப்பாட்டை விட்டு ஒரு நிமிஷம் நகர வேண்டியிருக்கிறது. நீலகிரிக்குச் சீனத்திலிருந்து வந்தவை செடிகள் மட்டுமல்ல, மனிதர்களும் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மத்தியில், மலேயாப் பக்கத்திலிருந்து சீனக் கைதிகளை இங்கே கொண்டு வந்தார்கள். நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டத்தில், மலேரியாவுக்கு மருந்தான கொயினா எடுக்கும் மரங்களை வளர்ப்பதில் அவர்களும் உழைத்தார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து, கூடலூர் வழியில் குடியிருந்து, காய்கறி விளைத்தும் காப்பி பயிரிட்டும் பசு வளர்த்தும் ஜீவித்ததாக, சென்னை மியூசியத்தின் அதிகாரியாக இருந்த தர்ஸ்டன் துரை எழுதி வைத்திருக்கிறார். அவர்களுடைய கதை வேறு, இந்தக் கடையின் கதை வேறு. ஆனால் இரண்டுக்கும் முடிவு ஒன்றே: வந்தவர்கள் உழைத்தார்கள், இந்த மலை அவர்களை ஏற்றுக்கொண்டது.

எல்லா மலைகளும் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. அஸ்ஸாமில் மாகும் என்ற தேயிலைப் பிரதேசத்தில் பல தலைமுறைகளாகச் சீன வம்சத்தார் வாழ்ந்து வந்தார்கள். அஸ்ஸாமிய மொழி பேசினார்கள். அஸ்ஸாமியப் பெண்களை மணந்தார்கள். 1962 நவம்பரில் அவர்களைப் பிடித்து ரயிலேற்றி, ராஜஸ்தானத்தில் தேவலி என்னும் இடத்திலிருந்த பழைய யுத்தக் கைதி முகாமில் அடைத்தார்கள். பல ஊர்களிலிருந்தும் சுமார் 3,000 பேர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். குழந்தைகள் இருந்தார்கள், கிழவர்கள் இருந்தார்கள், இந்தியப் பிரஜைகளும் இருந்தார்கள். சிலர் வெளியே வர நான்கைந்து வருஷம் ஆயிற்று. 1963-ல் சீன அரசாங்கத்துக் கப்பல்கள் 2,000 பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டது நம்முடைய சென்னைத் துறைமுகத்திலிருந்துதான். அவர்களில் பலர் சீனாவைக் கண்ணால் பார்த்ததே இல்லை.

எல்லையில் அத்துமீறியவன் ஒருவன்; தண்டனை அடைந்தவன் மற்றொருவன். இதைச் சொல்லிக் காட்டுவது தேசத்தைக் குறை கூறுவதாகாது. தேசத்தின்மேல் அபிமானம் உள்ளவனுக்குத்தான் அது தவறும்போது மனம் வலிக்கிறது. 2020-லும் சீனச் சாப்பாட்டு விடுதிகளை மூட வேண்டுமென்று மத்திய மந்திரி ஒருவரே சொன்னார். கல்வானில் இறந்த வீரர்களுக்காக நம் நெஞ்சு கொதிப்பது நியாயம். ஆனால் அந்தக் கோபத்தைக் கொண்டுபோய், நம்முடைய தெருவில் நம்முடைய காய்கறியை வாங்கி நமக்கே வறுத்துப் போடுகிறவரிடம் காட்டினால், அது வீரம் ஆகுமா?

நான் இவ்வளவும் சொன்ன பிறகும் மைத்துனரின் கை தட்டுக்குப் போகவில்லை. அவரை ஜயித்தது என் வாதம் அல்ல, அவருடைய தங்கைதான்.

"அண்ணா, நம் அம்மா அப்பளம் பொரிக்கிற சட்டிக்கு என்ன பேர்?" என்று கேட்டாள் என் மனைவி.

"ஏன்? சீனச்சட்டி."

"காப்பியிலே என்ன போட்டுக் கொள்கிறாய்?"

"சீனி" என்று சொல்லிவிட்டு அவர் விழித்தார்.

நான் என் பங்குக்கு, தேயிலை என்பதிலுள்ள 'தே'யும் சீனத்துக் கடற்கரைச் சொல்லே என்று சேர்த்துக்கொண்டேன். பாட்டி காலத்திலிருந்து அடுப்பங்கரையில் அவர்கள் குடியேறியிருக்கிறார்கள், நாம் கவனிக்கவில்லை.

மைத்துனர் சற்று நேரம் யோசித்தார். பிறகு, "ஆறிப் போகிறதே!" என்று பொதுவாகச் சொல்லி, நூடுல்ஸ் தட்டைத் தம் பக்கம் இழுத்துக் கொண்டார். இரண்டாவது தட்டு வரவழைக்க வேண்டியதாயிற்று. ரசீது வந்தபோது நாங்கள் பயந்த அளவு அதில் இல்லை. பணத்தைக் கொடுத்தவரும் அவரேதான்.

பெர்ன்ஹில்லுக்குத் திரும்பும்போது மூடுபனி பாதையை மறைத்திருந்தது. வெகு நேரம் பேசாமல் வந்த மைத்துனர், பங்களா வாசலில் நின்று, "சீன சாமானை வாங்குவதில்லை என்ற விரதத்தை நான் விடப் போவதில்லை, மாப்பிள்ளை. ஆனால் இது அதில் சேராது" என்றார்.

எனக்கும் அதே அபிப்பிராயந்தான்.